கறுப்பு விமானத்தின் மினுமினுப்பை அடக்கிய 18 மில்லி: ஜிஎக்ஸ்114 மேட் கிளியர்

பிளாஸ்டிக் விமான மாடலுக்குக் கடைசியாக மேலே அடிக்கிற நிறமற்ற பூச்சுக்குக் கிளியர் என்று பெயர், அதில் மேட், அதாவது மினுங்காதது, என்று லேபிளில் போட்டிருப்பதை நம்புவதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் கறுப்பு அடியுங்கள், காய்ந்ததும் அதன் மேல் அந்த மேட் கிளியரை அடியுங்கள், மறுநாள் டியூப்லைட்டுக்கு எதிரே நின்று ஸ்பூனைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஏறக்குறைய படுக்கைவசத்தில் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தபோது சிலேட்டு மாதிரி இருந்தது, சாய்த்ததும் ஒரு வெளிச்சக் கோடு ஓடுகிறதா? அப்படியென்றால் அது மேட் கிடையாது, கொஞ்சம் அடக்கமான சாட்டின், அதாவது அரைப் பளபளப்பு. இந்த ஸ்பூன் சோதனையில் கோடே விழாமல் என் கையில் தேறியது ஜப்பானின் ஜிஎஸ்ஐ கிரியோஸ் தயாரிக்கும் மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்114, சூப்பர் ஸ்மூத் கிளியர் ஃப்ளாட். 18 மில்லி பாட்டில், தண்ணீரில் இல்லாமல் தின்னரில் கரைகிற லாக்கர் வகை, காற்றழுத்தத்தால் பெயிண்ட்டைத் தூவுகிற ஏர்பிரஷ்ஷில் அடிப்பதற்கானது. இரண்டாவது பாட்டிலில் இருக்கிறேன், அதனால் இப்போது எழுதலாம் என்று தோன்றியது.

பெயிண்ட் தொழிற்சாலைகளில் பளபளப்பை அளக்கிற மீட்டரும் ஸ்பூன் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. 20, 60, 85 டிகிரி என்று மூன்று கோணங்கள் வைத்திருக்கிறார்கள். பொதுவாக 60-ல் அளப்பார்கள், மேட் பரப்பு என்றால் 85-க்குப் போவார்கள், ஏனென்றால் 60-ல் எல்லா மேட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும், ஒளி பரப்பை உரசிக்கொண்டு போகிற அந்தக் கோணத்தில்தான் யார் உண்மையான மேட் என்று தெரியும். அலமாரியில் வைத்த மாடலை நாம் பார்ப்பதும் பெரும்பாலும் அப்படித்தான், மேலே விளக்கு, பக்கத்தில் கண்.

எனக்கு இது இவ்வளவு முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் மஸ்கிட்டோ என்ற இரண்டாம் உலகப்போர் விமானத்தின் மாடல் ஒன்று. டமியா கம்பெனியின் 1/72 கிட் (நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு), அதை இரவுச் சண்டை விமானமான என்எஃப் மார்க் 2 ஆகக் கட்டினேன். பிர்ச் பிளைவுட்டும் பால்சா மரமும் ஒட்டிச் செய்த விமானம் அது, 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது, முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பும் சாதாரணக் கறுப்பு இல்லை. "ஸ்பெஷல் நைட்" என்று ஒரு பெயிண்ட், விறகடுப்பில் ஏறி இறங்கிய மண்சட்டியின் அடிக்கரியைப் போல ஒளியைத் திருப்பியே விடாத பெயிண்ட். தேடுவிளக்கில் மாட்டினாலும் மின்னக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஆனால் அதன் சொரசொரப்பு விமானத்தின் வேகத்தையே இழுத்துப் பிடித்தது, அந்த வருடக் கடைசிக்குள் இரவு விமானங்களுக்கே சாம்பலும் பச்சையும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிஜத்தில் குறையாக இருந்த அந்தக் கரித்தன்மைதான் மாடலில் எனக்கு வேண்டியிருந்தது. அதிலும் ஒரு சிக்கல், 1/72-ல் சொரசொரப்பாக இருந்தால் பருப்பளவு மணல் ஒட்டியதுபோல ஆகிவிடும். கண்ணுக்குக் கரி, விரலுக்கு வழவழப்பு, இரண்டும் வேண்டும்.

மேட் கிளியருக்குக் கறுப்பைவிடக் கடினமான பரீட்சை இல்லை. மணல் நிறத்திலோ வெளிர் சாம்பலிலோ ஒரு வார்னிஷ் என்ன தப்பு செய்தாலும் மறைந்துவிடும். கறுப்பில் மினுமினுப்பும் தெரியும், வெள்ளை பூத்தாலும் தெரியும், தூசும் தெரியும்.

ஜிஎக்ஸ்114-க்கு முன்னால் இரண்டு வேறு கிளியர்களில் அடிபட்டேன், பெயர் சொல்லப்போவதில்லை, தப்பில் பாதி என் கையில் இருந்தது. முதலாவது தண்ணீர் சார்ந்தது, வாசனை இல்லை, கழுவுவது சுலபம், ஆனால் ஸ்பூனில் கோடு ஓடியது. இன்னும் ஒரு கோட் (பூச்சு) அடித்தால் மேட் ஆகிவிடும் என்று நினைத்து அடித்தேன், கோடு இன்னும் தெளிவாக ஓடியது. அடிக்க அடிக்க ஏன் பளபளப்பு கூடுகிறது என்று அன்றைக்குப் புரியவில்லை. இரண்டாவது வார்னிஷ் முற்றிலும் மேட் ஆனது, கூடவே இறக்கை விமானத்தின் உடலோடு சேரும் மூலையில் நீறு பூத்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. டீக்கால் என்கிற சின்னங்களின் ஒட்டுப்படம் எல்லாம் ஒட்டி முடித்த மாடல், மூன்று வார வேலை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மேட் கிளியர் என்பது பளபளப்பான கிளியருக்குள் மிக நுண்ணிய துகள்களைக் கலந்தது, பெரும்பாலும் சிலிக்கா. தின்னர் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது இந்தத் துகள்கள் பரப்பில் முண்டிக்கொண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டாகும், விழுகிற ஒளி ஒரே பக்கம் திரும்பாமல் நாலா பக்கமும் சிதறும். அதுதான் மேட். அப்படியென்றால் படலம் தடிமனானால் என்ன ஆகும்? துகள்கள் உள்ளே மூழ்கிவிடும், மேல்பரப்பு சமமாகும், மினுங்கும். எங்கேயாவது மூலையில் திரவம் தேங்கினால் அங்கே மட்டும் துகள்கள் குவிந்து வெள்ளையாகப் பூக்கும். துகள் போதாவிட்டாலும் மினுங்கும். ஆகவே எவ்வளவு அடிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு மெல்லியதாக அடிக்கிறோம், பாட்டிலின் அடியில் இருப்பதை எவ்வளவு ஒழுங்காக மேலே கொண்டுவருகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அடியில் இருப்பது என்று சொன்னேன் அல்லவா, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடையில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலில் மேட் துகள்கள் முழுக்கக் கீழே படிந்து தயிர் மாதிரி உறைந்திருக்கும். அதை இரண்டு தடவை குலுக்கிவிட்டு மேலாக ஊற்றி அடித்தால் வருவது பாதி பளபளப்புக் கிளியர்தான். பிரச்சினை அன்றோடு முடியாது, ஏனென்றால் மேலே இருந்த தெளிந்த பாகத்தை நீங்கள் எடுத்துவிட்டதால் பாட்டிலின் கலவை விகிதமே நிரந்தரமாக மாறிவிட்டது, அடுத்த தடவை நன்றாகக் கலக்கினாலும் இப்போது துகள் அதிகம், கிளியர் குறைவு, அடித்தால் வெள்ளை பூக்கும். "போன மாசம் நல்லா வந்துச்சு, இப்போ பூத்துப்போச்சு" என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேருக்கு நடந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது. நான் புதுப் பாட்டிலைத் திறந்ததும் ஒரு தட்டையான உலோகக் கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்குகிறேன், கரண்டியைத் தூக்கினால் நுனியில் கட்டி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். ஏர்பிரஷ் கப்பில் ஊற்றிய பிறகும் இடையிடையே ஒரு கிளறு கிளறிக்கொள்ள வேண்டும்.

சரி, ஜிஎக்ஸ்114-க்கு வருவோம். மிஸ்டர் கலரின் வழக்கமான பாட்டில் 10 மில்லி, இந்த ஜிஎக்ஸ் வரிசை 18, விலையும் அதற்கேற்றபடி கூடுதல். பாட்டிலில் சற்றே பால் கலங்கிய மாதிரி இருக்கும். நான் ஒரு பங்கு கிளியருக்கு இரண்டு பங்கு தின்னர் சேர்க்கிறேன், தின்னர் அதே கம்பெனியின் லெவலிங் தின்னர். இது விலை கூடுதல் என்று ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை ஊற்றிப் பார்க்காதீர்கள், குறைந்தபட்சம் இந்தக் கடைசிக் கோட்டுக்கு வேண்டாம். லெவலிங் தின்னரில் மெதுவாகக் காயவைக்கிற ரிட்டார்டர் கலந்திருக்கிறது, துளிகள் பரப்பில் விழுந்ததும் உடனே உறைந்து மணல் மணலாக நிற்காமல் கொஞ்சம் பரவி அமர நேரம் கிடைக்கும். பெயரில் இருக்கிற "ஸ்மூத்" அப்போதுதான் கையில் தெரியும். 0.3 மிமீ நாசில், 15 பிஎஸ்ஐ பக்கம் அழுத்தம், ஒரு சாண் தூரத்துக்குள், கையை எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். ஈரம் படர்ந்து மினுங்குகிற அளவுக்கு அடிக்காமல், கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற ஈரம் மாதிரி மெல்லியதாக ஒன்று, ஐந்து நிமிடம் விட்டு இன்னொன்று, அப்படி மூன்று அல்லது நான்கு.

முதல் தடவை அடிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள், ஏனென்றால் அடித்த உடனே ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும், டீக்கால் ஒட்டுவதற்காக அடியில் அடித்த பளபளப்புக் கோட் அப்படியே நிற்கும். கை வைக்காதீர்கள். தின்னர் போகப் போக, ஓரத்திலிருந்து பளபளப்பு வடிந்துகொண்டே வருவதைப் பார்க்கலாம், எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பிடித்த இரண்டு நிமிடம் அது. டீக்கால் ஓரங்கள் மறைந்து பெயிண்டோடு ஒன்றாகிவிடும், வாஷ் என்கிற நீர்த்த பெயிண்ட் விட்ட பேனல் கோடுகள் (பரப்பின் இணைப்புக் கோடுகள்) திடீரென்று ஆழமாகத் தெரியும், பிளாஸ்டிக் பொம்மையாக இருந்தது எடையுள்ள ஒரு பொருளாகிவிடும். அரை மணி கழித்துத்தான் போதுமா போதாதா என்று முடிவு செய்வேன், விரல் வைப்பதற்கு ஒரு நாள்.

இப்போது சென்னைக்காரர்களுக்கும் கடலோர ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரு தனிப் பாரா. ஐப்பசி கார்த்திகையில் லாக்கர் மேட் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மாடலின் பரப்பைக் குளிரவைக்கும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் தண்ணீர் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும், பால் கொட்டினாற்போல் வெளுக்கும். இதுவும் வெள்ளை, முன்னே சொன்ன துகள் குவிந்ததும் வெள்ளை, ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு, குழப்பிக்கொண்டால் மாடல் போய்விடும். ஈரத்தால் வந்த வெளுப்பு பரந்த இடங்களில், இறக்கையின் நடுவில்கூட, அடித்துச் சில நிமிடங்களுக்குள் புகை மாதிரிப் படரும். துகளால் வந்த பூப்பு மூலைகளிலும் பள்ளங்களிலும்தான், ஓரம் கட்டியது போல நிற்கும். முன்னதற்கு வறண்ட நாளாகப் பார்த்து வெறும் லெவலிங் தின்னரை மட்டும் மிக லேசாக மேலே தூவினால் படலம் கொஞ்சம் இளகி ஈரத்தை விட்டுவிடும், நிறம் திரும்பும். பின்னதற்கு அந்த இடத்தில் பளபளப்புக் கிளியர் ஒரு கோட் அடியுங்கள், துகள்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி நிரம்பியதும் வெள்ளை மறையும், காய்ந்த பிறகு மேட்டை இந்தத் தடவை மெல்லியதாக அடியுங்கள். என் மஸ்கிட்டோவின் இறக்கை மூலையை இப்படித்தான் மீட்டேன், பளபளப்புக்கு அதே கம்பெனியின் ஜிஎக்ஸ்100, அதன் மேல் ஜிஎக்ஸ்114.

என் அறையில் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று தொங்குகிறது, 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஏர்பிரஷ்ஷை எடுப்பதில்லை. மழைக் காலத்தில் அவசரமென்றால் ஒரு மணி நேரம் ஏசியை ஓடவிட்டு அறையை உலர்த்தி, ஏசியை நிறுத்திவிட்டு, எக்ஸாஸ்ட்டைப் போட்டு, பத்து நிமிடத்துக்குள் அடித்து முடிக்கிறேன், எக்ஸாஸ்ட் ஓடினால் வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும் என்பதால் நேரம் கடத்த முடியாது.

இது லாக்கர், வாடை கடுமையாகவே இருக்கும். என்95 முகக்கவசம் தூசைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் கட்டாயம் வேண்டும். ஆவி தீப்பிடிக்கக்கூடியது, பக்கத்து அறையில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஒற்றை அறை வீட்டில் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, அங்கே தண்ணீர் சார்ந்த கிளியரை மெல்லிய கோட்டுகளாக அடித்து, முக்கால் மேட்டில் நின்றுகொள்வதுதான் சரி.

ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கு? டமியாவின் டிஎஸ்-80 ஸ்ப்ரே கேன் நல்ல மேட்தான், 100 மில்லி, தலையை அழுத்தினால் வேலை முடிந்தது, டாங்கி மாதிரி மாடலுக்கு நான் இன்னும் அதைத்தான் எடுக்கிறேன். கேன் என்பதால் அளவு நம் கையில் இல்லை, அதனால் மாடலுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மாடலைக் கடந்து, வெளியே போய் விடவேண்டும். மிஸ்டர் ஹாபி கேன்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, சூப்பர் கிளியர் என்பது லாக்கர், டாப்கோட் என்பது தண்ணீர் சார்ந்தது, இரண்டிலும் ஃப்ளாட் உண்டு, பார்க்க ஒன்றுபோல இருக்கும், கடையில் ஒன்றைக் கேட்டால் மற்றதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், பெயரைப் படித்து வாங்குங்கள். அப்புறம் டமியா எக்ஸ்-21 ஃப்ளாட் பேஸ், இது வார்னிஷே இல்லை, வேறு பெயிண்டிலோ கிளியரிலோ கலக்க வேண்டிய மேட் துகள் மருந்து, அப்படியே அடித்தால் மாடல் விபூதி பூசிக்கொள்ளும். சிங்கப்பூரிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் இவற்றில் எதையும் சூட்கேஸில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், தீப்பிடிக்கும் பெயிண்ட்டும் தின்னரும் ஸ்ப்ரே பெயிண்ட்டும் விமானத்தில் பயணிகள் பெட்டியில் அனுமதி இல்லை, விமான நிலையத்தில் அவர்தான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய இன்னும் சில. மேட் கோட் எந்தக் கருநிறத்தையும் ஓரளவு வெளிறவைக்கும், ஒளி சிதறுவதால் வருகிற விளைவு, எந்தப் பிராண்டாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. ஆகவே அடியில் நீங்கள் விரும்பியதைவிட ஒரு பிடி அதிகக் கறுப்பாக அடித்துக்கொள்ளுங்கள். நான் நேர்மாறாக, நல்ல மாடல்காரர்கள் செய்வதுபோலக் கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்து அடித்திருந்தேன், மேட் ஏறியதும் விமானம் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு நழுவப் பார்த்தது, ஆயில் பெயிண்ட் ஃபில்டரால், அதாவது மிக நீர்த்த நிறப் பூச்சால், மறுபடி இருட்டாக்கி, அதன் மேல் ஒரு மூச்சு மேட் அடிக்க வேண்டியதாயிற்று. டீக்காலின் மேல் ஈரமாக அடித்தால் லாக்கர் அதைச் சுருக்கிவிடும், முதல் இரண்டு கோட் தூசு மாதிரிதான் இருக்க வேண்டும். விமானி அறைக் கண்ணாடிக்குப் போட்ட மாஸ்க்கை மேட் காயும் வரை எடுக்காதீர்கள். பெயிண்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில், முக்கியமாகக் குண்டம் (Gundam) ரோபோ மாடல்களின் மூட்டுகளில் வருகிற ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில், நேராக அடிக்காதீர்கள், விரிசல் விடும்.

எல்லாவற்றையும் மேட் ஆக்கிவிடவும் கூடாது. மஸ்கிட்டோவில் விளக்குக் கண்ணாடிகள் மின்ன வேண்டும், எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் வழிந்த தடம் ஈரமாகத் தெரிய வேண்டும், மெக்கானிக் ஏறி நின்ற இறக்கையின் பகுதியில் பென்சில் கரியை விரலால் லேசாகத் தேய்த்தால் தேய்ந்த பெயிண்ட்டின் மங்கலான ஒளி வரும். சுற்றிலும் உண்மையான மேட் இருந்தால்தான் இந்த மூன்று இடமும் எடுத்துக் காட்டும், சாட்டின் பரப்பில் இவை தொலைந்துபோகும். இந்த ஒரு காரணத்துக்காகவே 18 மில்லிக்குக் கொடுத்த காசு எனக்கு உறுத்தவில்லை. ஒரு பாட்டிலில் 1/72 விமானங்கள் எத்தனை என்று யாராவது கேட்பீர்கள், நான் ஏழு முடித்தேன், சில சோதனை ஸ்பூன்களும் சேர்த்து.

மேட் பரப்பு தூசைப் பிடித்துக்கொள்ளும், துணியால் துடைத்தால் துடைத்த இடம் பாலிஷ் ஆகிவிடும். பெண்கள் முகப்பவுடருக்கு வைத்திருக்கும் அகலமான மென்மையான பிரஷ் ஒன்றை இதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறேன், அலமாரிக்குக் கண்ணாடிக் கதவும் போட்டாயிற்று.

பொங்கலுக்கு வந்த அக்கா மகன், மூன்றாவது படிக்கிறான், நான் சமையலறையில் இருந்த நேரத்தில் கதவைத் திறந்து மஸ்கிட்டோவைக் கையில் எடுத்துவிட்டான். மூக்கில் இருந்த அம்பு மாதிரியான ரேடார் ஆன்டெனா தப்பித்தது, ஆனால் இறக்கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பதிந்து, விளக்கில் பார்த்தால் இரண்டு எண்ணெய் வட்டம், அதற்குள் அவன் பலகாரம் சாப்பிட்டிருந்தான். திட்டவில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஜிஎக்ஸ்114-ஐ ஒரே ஒரு மூச்சு தூவினேன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காய்ந்த பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து "எங்கே தொட்டே, காட்டு" என்று கேட்டேன், அவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை, என்னாலும்.